கைவேலைக் கேள்வி பதில்: குஞ்சம் வைத்த வட்ட மப்ளர்

மார்கழி நெருங்கியதும் கம்பளி நூலைப் பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. இரு முனையும் இணைந்து கழுத்தைச் சுற்றி வளையமாக நிற்கும் மப்ளரைக் குரோஷே ஊசியால் பின்னுவது பற்றியே பலரும் கேட்டிருப்பதால், இவ்விதழின் பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, என் அம்மா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார். தை மாதத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் விடியற்காலைப் பெரட்டுக்குப் போகும்போது கழுத்தும் காதும் விறைத்துப் போவதாகச் சொல்கிறார். அவருக்குக் குஞ்சம் வைத்த வட்ட மப்ளர் ஒன்று பின்னிக் கொடுக்க விரும்புகிறேன். சங்கிலிப் பின்னலும் அடிப்படைத் தையல்களும் எனக்குத் தெரியும். எந்த நூல் வாங்க வேண்டும்? எத்தனை சங்கிலி போட வேண்டும்?
(வாசகி, லிந்துலை)

பதில்: தங்கை, நூல் வாங்கும் முன்னர் அம்மா அதை எந்தக் குளிருக்கு அணியப் போகிறார் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் பக்கத்தில் குளிர் இரண்டு வகைப்படும். தை முதல் பங்குனி வரை வானம் தெளிந்து காற்றும் வறண்டிருப்பதால் பகலில் நிலம் வாங்கிய சூடு இரவோடிரவாக வெளியேறிவிடுகிறது. அப்போதுதான் நுவரெலியாவிலும் அக்கரப்பத்தனைப் பக்கத்திலும் விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி படிகிறது. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிய பின் வருவதோ ஈரக்குளிர். வெப்பநிலை அவ்வளவு இறங்காவிட்டாலும் மூடுபனியும் தூறலும் விடாமல் இருப்பதால், துவைத்துப் போட்ட உடுப்பு மூன்று நாளானாலும் காய்வதில்லை.

ஆட்டு உரோமத்தில் நூற்ற அசல் கம்பளி நூல், தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரையான ஈரத்தைத் தொட்டால் நனைந்ததாகத் தெரியாமலே உள்வாங்கக்கூடியது. ஈரக்காற்றிலும் அது சூடு தருவதற்கு அதுவே காரணம். ஆனால் முழுவதும் நனைந்துவிட்டால் காய்வதற்கு நெடுநேரமாகும். சுடுநீரில் கசக்கினால் சுருங்கித் தடித்துப் போகும். அக்ரிலிக் நூல் ஈரத்தை இழைக்குள் ஏற்பதில்லை என்பதால் பிழிந்து உதறினால் விரைவில் காயும், விலையும் குறைவு. பருத்தி நூல் நீரை உறிஞ்சிக் கனத்துக் கழுத்தைக் குளிர வைக்கும் என்பதால் அதை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். அன்றாடம் தேயிலை மலைக்குப் போட்டுச் சென்று அடிக்கடி துவைக்க வேண்டிய மப்ளருக்கு நான் அக்ரிலிக்கையே சொல்வேன். ஒன்றை மட்டும் அம்மாவிடம் சொல்லி வையுங்கள்: அக்ரிலிக் நெருப்பில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அதை அணிந்தபடி குனிந்து அடுப்பு ஊதக் கூடாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்தவும் கூடாது.

நடுத்தரத் தடிப்பு நூலும் 5.5 மில்லிமீற்றர் ஊசியும் போதும். சூடு தருவது நூல் மட்டுமன்று, பின்னலின் கண்களுக்குள் அசையாமல் தங்கும் காற்றுமே. ஆகவே மேசை விரிப்புக்குப் போடுவதைப் போன்ற பெரிய ஓட்டைப் பின்னல் பார்வைக்கு அழகாக இருந்தாலும் காற்றை நிறுத்தாது. ஊசியில் ஒரு முறை நூலைச் சுற்றி, தையலுக்குள் நுழைத்து ஒரு கண்ணை இழுத்தெடுத்து, ஊசியிலுள்ள மூன்று கண்களையும் ஒரே இழுப்பில் கடத்தும் ‘ஹாஃப் ட்ரெபிள்’ தையலே இதற்கு ஏற்றது. அது நெருக்கமாகவும் நிற்கும், விறைத்தும் போகாது.

எத்தனை சங்கிலி என்பதை உங்கள் கையைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. ஒருவர் இழுத்துப் பின்னுவார், இன்னொருவர் தளரப் பின்னுவார். 20 சங்கிலி போட்டு, அதே தையலில் சதுரமாகும் வரை ஒரு மாதிரித் துண்டு பின்னுங்கள். அதன் நடுவில் அளவுநாடாவை வைத்து 10 சென்ரிமீற்றருக்குள் எத்தனை தையல் வருகிறதென்று எண்ணுங்கள். பின்னர் அம்மாவின் தலையைக் கொண்டையோடு சேர்த்து அளவெடுங்கள். மப்ளர் கழுத்தில் நிற்பதாயினும் தலைவழியாகவே இறங்க வேண்டியிருப்பதால் கணக்கில் கொள்ள வேண்டியது தலையின் அளவுதான். 10 சென்ரிமீற்றருக்கு 13 தையல் வந்து, சுற்றளவு 62 சென்ரிமீற்றர் வேண்டுமானால், 80 சங்கிலி சரியாக இருக்கும். சங்கிலியை மட்டும் 6 மில்லிமீற்றர் ஊசியால் போட்டுக்கொள்ளுங்கள்; அடிவிளிம்பு இறுகிவிட்டால் எவ்வளவு நல்ல பின்னலும் தலையில் இறங்காது. வளையமாக இணைத்து, உயரம் 22 முதல் 25 சென்ரிமீற்றர் வரும்வரை சுற்றுச் சுற்றாகப் பின்னினால், இழுத்துவிடும்போது காதையும் மூடும்.

இனிக் குஞ்சம். மலைக்குப் போட்டுச் செல்வதானால் குஞ்சம் வேண்டாம் என்பதே என் கருத்து. முன்பக்கம் தொங்கும் குஞ்சம் குனிந்து பறிக்கும்போது தேயிலைக் கிளையில் மாட்டும். பின்பக்கத்துக் குஞ்சம் கூடைக் கயிற்றோடு சிக்கும். தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் பொறிக்கருகில் வேலை செய்பவர்களோ குஞ்சம் மட்டுமன்றி எந்த மப்ளரும் அணியாமலிருப்பதே பாதுகாப்பு. ஆனால் குஞ்சம் பின்னலோடு பிறப்பதன்று. பின்னல் முடிந்தபின் விளிம்பில் முடிச்சிடுவதுதான் என்பதால், கோயிலுக்கோ டவுனுக்கோ போகும் நாள்களுக்கென்று பின்னர் கட்டிக்கொள்ளவும், வேண்டாதபோது அவிழ்த்துவிடவும் முடியும்.

கேள்வி: டீச்சர், மப்ளரைப் பின்னி முடித்தபின் குஞ்சத்துக்கு நூல் போதவில்லை. அதே நிறமென்று வாங்கிய புதுப் பந்து சற்று வெளிறித் தெரிகிறது. முன்பு பின்னிய ஒன்றின் குஞ்சமும் இரண்டு துவைப்பிலேயே பிரிந்து பஞ்சாகிவிட்டது. என்ன செய்யலாம்?
(வாசகி, ஹட்டன்)

பதில்: குஞ்சம் கடைசியாகக் கட்டப்படுவதாயினும் அதற்குரிய நூலை முதலிலேயே வெட்டி எடுத்துவைக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள். 10 சென்ரிமீற்றர் நீளக் குஞ்சத்துக்கு ஒவ்வோர் இழையும் மடிப்புக்கு இருமடங்காகவும் முடிச்சுக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் சேர்த்து 24 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். சுற்றிவர 40 குஞ்சம், குஞ்சத்துக்கு 4 இழை என்றால் 160 இழை. மொத்தம் 38 மீற்றருக்குச் சற்று அதிகம். நடுத்தரத் தடிப்பில் 100 கிராம் பந்தொன்று பெரும்பாலும் 200 மீற்றரை ஒட்டியே இருப்பதால், பந்தின் ஐந்தில் ஒரு பங்கு குஞ்சத்துக்கே போய்விடுகிறது. ஒரு மப்ளருக்கு இரண்டு பந்து வாங்குங்கள் என்று நான் எப்போதும் சொல்வது இதனால்தான். வாங்கும்போது சுற்றியிருக்கும் தாளில் நிறத்தின் எண்ணோடு சாயத்தொகுதியின் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நிற எண்ணாயினும் வேறு தொகுதியில் சாயம் ஏறிய நூல் வெயிலில் வைத்துப் பார்த்தால் வேறாகத்தான் தெரியும்.

இப்போதைய நிலைக்கு, மப்ளரின் கடைசி மூன்று சுற்றைப் பிரித்தெடுங்கள். ஏறக்குறையப் பாதிக் குஞ்சத்துக்கான நூல் அதில் கிடைக்கும். ஒவ்வொரு குஞ்சத்திலும் பழைய நூலில் இரண்டு இழையும் புதியதில் இரண்டு இழையும் கலந்து கட்டினால், வெளிறல் குறையாகத் தெரியாமல் நிழல் விழுந்தது போல் அமையும்.

பஞ்சாவதைத் தடுக்கக் குஞ்சத்தை முறுக்கிவிட வேண்டும். அருகருகே உள்ள இரண்டு குஞ்சங்களை எடுத்து, ஒன்றை இடக்கையிலும் மற்றொன்றை வலக்கையிலும் பிடித்து, இரண்டையும் வலப்புறமாகவே, நூல் தானாக மடிந்து சுருளப் பார்க்கும் வரை முறுக்குங்கள். பின்பு நுனிகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக் கையைத் தளரவிட்டால், இரண்டும் எதிர்ப்புறமாகத் தாமே பின்னிக்கொண்டு கயிறாகும். நுனியில் ஒரு முடிச்சுப் போடுங்கள். முறுக்கினால் நீளம் சற்றுக் குறையும் என்பதால் இழையை முன்கூட்டியே 2 சென்ரிமீற்றர் கூட்டி வெட்டிக்கொள்வது நல்லது. துவைக்கும்போது மப்ளரை ஒரு தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டிவிட்டால் குஞ்சம் சிக்காது. அக்ரிலிக்கின் மேல் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்தால் அது தட்டையாகித் துவண்டுபோகும், திரும்ப எழும்பாது.

கேள்வி: புது நூல் விலை கட்டுப்படியாகவில்லை. மலிவாகக் கிடைக்கும் பழைய சுவெட்டரைப் பிரித்து அந்த நூலில் பின்னலாமா?
(வாசகி, பண்டாரவளை)

பதில்: தாராளமாகப் பின்னலாம், சில வேளைகளில் கடையில் கிடைப்பதைவிட நல்ல கம்பளி இப்படித்தான் கைக்கு வரும். ஆனால் எல்லாச் சுவெட்டரும் பிரியாது. வாங்கும் முன் உட்பக்கத்தைப் புரட்டிப் பக்கத் தையலைப் பாருங்கள். துணியைப் போல வெட்டி ஓவர்லொக் அடித்திருந்தால், ஒவ்வொரு வரியும் விளிம்பில் அறுபட்டிருக்கும். பிரித்தால் கையளவுத் துண்டுகள்தான் மிஞ்சும். குஞ்சத்துக்கு அவை உதவுமேயன்றிப் பின்னலுக்கு உதவா. விளிம்பு அறுபடாமல் வரி வளைந்து திரும்பி, இரண்டு பாகங்களும் சங்கிலி போன்ற தையலால் இணைந்திருந்தால் அதை வாங்குங்கள். அந்தத் தையலை அவிழ்த்து, கழுத்துப் பக்கத்திலிருந்து தொடங்கினால் நூல் நீளமாக வரும்.

என்ன நூலென்று தெரியாவிட்டால் ஒரு சிறு துண்டை இடுக்கியால் பிடித்துத் தட்டின் மேல் கொளுத்திப் பாருங்கள். ஆட்டுக் கம்பளியானால் தலைமயிர் கருகும் வாடை வரும். நெருப்பை எடுத்ததும் தானே அணையும். மிஞ்சும் சாம்பல் விரலில் நசுங்கும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறியதும் கறுத்த கெட்டி மணியாகிவிடும். ஆறும்வரை அதைத் தொடாதீர்கள்.

பிரித்த நூல் சுருள்சுருளாகத்தான் இருக்கும். அதை அப்படியே பின்னினால் தையல் ஒழுங்காக அமையாது. கதிரையின் முதுகில் சுற்றிக் கண்டாக எடுத்து, நான்கு இடங்களில் தளரக் கட்டி, வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் கசக்காமல் ஊறவைத்து அலசி, அடியில் ஒரு சிறு பாரத்தைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஆடி, ஆவணியில் உங்கள் ஊவாப் பக்கம் அடிக்கும் வறண்ட காற்றுக்கு இது நன்றாகக் காயும். ஐப்பசி மழை தொடங்கியபின் செய்தால் நாள் பிடிக்கும்.

கேள்வி: சங்கிலியை வளையமாக இணைத்துச் சில சுற்றுப் பின்னியபின் பார்த்தால் மப்ளர் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. பிரிக்காமல் சரிசெய்ய வழியுண்டா?
(வாசகி, நுவரெலியா)

பதில்: வழியில்லை, பிரிக்கத்தான் வேண்டும். அடுத்த முறை சங்கிலியை இணைக்காமல் முதல் வரியை நேராகப் பின்னி, அதன்பின் வளையமாக்குங்கள். ஒரு வரி அகலம் வந்துவிட்டால் முறுக்கு கண்ணுக்குத் தெரிந்துவிடும். அடியில் விடுபட்ட சிறு இடைவெளியைத் தொடக்க நூல் வாலாலேயே தைத்துவிடலாம். சிலர் இந்த முறுக்கை வேண்டுமென்றே வைத்துப் பின்னுவதுண்டு. அது கழுத்தில் அழகாகவே மடியும். ஆகவே உங்களுக்குப் பிடித்திருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

கேள்வி: இணையத்திலிருந்து எடுத்த குறிப்பில் ‘டபிள் குரோஷே’ என்றிருந்தது. அதன்படி பின்னியபோது மப்ளர் படத்திலிருப்பதில் பாதி உயரமே வந்தது. ஏன்?
(வாசகி, ஹப்புத்தளை)

பதில்: அது அமெரிக்கக் குறிப்பு. அவர்களின் ‘டபிள்’ நம்மிடம் பழக்கத்திலுள்ள பிரித்தானிய முறையில் ‘ட்ரெபிள்’ ஆகும். நீங்கள் பின்னியதோ நம் ‘டபிள்’, அது அதைவிடக் குட்டையான தையல். குறிப்பில் எங்காவது ‘சிங்கிள் குரோஷே’ என்று வந்தால் அது அமெரிக்க முறை என்று உறுதியாகக் கொள்ளலாம், ஏனெனில் பிரித்தானியக் குறிப்புகளில் அந்தப் பெயரில் தையல் இல்லை.

கேள்வி: வரும் பருவத்தில் சிவனொளிபாதமலைக்குப் போகவிருக்கிறேன். என் மனைவி எனக்கு வட்ட மப்ளர் பின்னித் தருவதாகச் சொல்கிறார். எப்படிப் பின்னச் சொல்லலாம்?
(வாசகர், மஸ்கெலியா)

பதில்: ஐயா, மார்கழிப் போயா (பௌர்ணமி) முதல் வெசாக் போயா வரையான பருவத்தில் பெரும்பாலோர் இரவில் ஏறுகிறார்கள். ஏறும்போது வியர்க்கும், 2,243 மீற்றர் உயரத்து உச்சியில் சூரிய உதயத்துக்குக் காத்து நிற்கும்போதுதான் குளிர் பிடிக்கும். எனவே தலையில் இறுகி இறங்கும் சிறு வளையத்தை விட, இரண்டு சுற்றாகப் போடக்கூடிய 120 முதல் 130 சென்ரிமீற்றர் வளையமே உங்களுக்கு வசதி. ஏறும்போது ஒரு சுற்றைத் தளர்த்தி விடலாம், உச்சியில் இரண்டாவது சுற்றைப் போட்டுக் காதையும் மூடிக்கொள்ளலாம். உயரம் 18 சென்ரிமீற்றர் போதும், ஏனெனில் இரண்டு சுற்றாகும்போது தடிப்பு இருமடங்காகிறது. கம்பளி கலந்த நூல் கிடைத்தால் இதற்கு அதையே வாங்கச் சொல்லுங்கள். நல்லதண்ணியிலிருந்து ஏறத் தொடங்கும்போது மப்ளரைப் பையில், வியர்வையில் நனையாமல் வைத்திருங்கள். குஞ்சம் வைப்பதானால் 5 சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம். கற்பூரத் தட்டின் முன்னும் விளக்கேற்றும் இடத்திலும் குனியும்போது அதைச் சட்டைக்குள் செருகிக்கொள்ளுங்கள்.