சிம்பன்சி சரணாலயத்தில் வேலை எப்படி இருக்கும்? கேள்விகளும் என் பதில்களும்

வண்டலூர் சிம்பன்சிகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது, நான் ஜாம்பியாவில் மீட்கப்பட்ட சிம்பன்சிகளுக்கான சரணாலயம் ஒன்றில் பராமரிப்பாளராக இருந்தவள் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், அதோடு மாட்டிக்கொண்டேன். இப்போது அயனாவரத்தில் வீட்டோடு இருக்கிறேன், நேரம் இருக்கிறது. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

வித்யா, வேளச்சேரி: அக்கா, ஒரு நாள் எப்படிப் போகும்? காலையிலிருந்து சொல்லுங்களேன்.

முதல் வேலை தலை எண்ணுவது. இரவு எத்தனை பேர் உள்ளே வந்தார்களோ அத்தனை பேரும் இருக்கிறார்களா, மூக்கு ஒழுகுகிறதா, யாராவது கையை ஊன்றாமல் நடக்கிறார்களா, மலம் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும். நாம் வரும் சத்தம் கேட்டதும் ஒருவன் ஹூ ஹூ என்று மெதுவாக ஆரம்பிப்பான், அது ஏறி ஏறிக் கட்டடமே அதிரும் அளவுக்குப் போகும். அந்தக் கூச்சலில் ஒரு குரல் குறைந்தால் அன்றைக்கு அங்கேதான் முதலில் போவோம். காலையில் கஞ்சி, குடிக்கும்போதே ஒவ்வொருவரையும் கிட்டத்தில் பார்த்துவிடலாம் என்பதால் அது பாதி மருத்துவப் பரிசோதனை மாதிரி.

அப்புறம் வெளியே விடுவது. இதில்தான் உயிர் இருக்கிறது. உள் அறைக்கும் வெளி வளாகத்துக்கும் நடுவே இழுவைக் கதவுகள், ஒவ்வொன்றுக்கும் பூட்டு. ஒருவர் பூட்டுவார், இன்னொருவர் இழுத்துப் பார்த்து வாய்விட்டுச் சொல்வார், அதன் பிறகுதான் யாரும் சுத்தம் செய்ய உள்ளே போகலாம். எவ்வளவு பழகிய ஆளாக இருந்தாலும் இதில் சலுகை கிடையாது. பூட்டாமல் விட்ட கதவைக் கண்டுபிடிக்க சிம்பன்சிக்கு நம்மைவிட நிறைய நேரம் இருக்கிறது.

மீதி நாள் பூராவும் சுத்தம் செய்வது, காய் நறுக்குவது, மறுபடி சுத்தம் செய்வது. பழைய வைக்கோலை அள்ளி, தரையைத் தண்ணீர் அடித்துக் கழுவி, கிருமிநாசினி போட்டு, காயவிட்டு, புது வைக்கோல் போட வேண்டும். முட்டைக்கோஸ், சர்க்கரைவள்ளி, கேரட், மக்காச்சோளம், கீரை என்று கூடை கூடையாக நறுக்க வேண்டும். அந்த ஊரில் மக்காச்சோள மாவில் ந்ஷிமா என்று ஒன்று கிளறுவார்கள், நம்ம ஊர் களி போலத்தான் இருக்கும், அதை உருண்டை பிடித்துக் கொடுப்போம். தட்டில் வைத்துக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் தின்றுவிட்டு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், சும்மா இருந்தால் சண்டைதான். அதனால் சாப்பாட்டைப் புல்லில் இறைப்போம், மூங்கில் குழாய்க்குள் அடைப்போம், செயற்கைக் கரையான் புற்றுக்குள் கூழை ஊற்றி வைப்போம், அவர்கள் குச்சி ஒடித்து, இலை உருவி, நுனியைக் கடித்துச் சீவி உள்ளே விட்டு நக்குவார்கள். காட்டில் சிம்பன்சி விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி சாப்பாடு தேடுவதிலும் தின்பதிலும்தான் போகிறது. அந்த வேலையைத் திருப்பிக் கொடுப்பதுதான் நம் வேலை.

மாலையில் உள்ளே வந்து ஒவ்வொருவரும் தன் படுக்கையைத் தானே போட்டுக்கொள்வார்கள். காட்டில் தினமும் மரத்தில் கிளை மடக்கிப் புதுக்கூடு கட்டும் பழக்கம், இங்கே வைக்கோலும் பழைய போர்வையும்.

முத்து, திருவொற்றியூர்: வாழைப்பழம்?

மாத்திரை விழுங்க வைக்க. மற்றபடி குறைவுதான். கடையில் விற்கும் பழங்களெல்லாம் காட்டுப் பழத்தைவிட இனிப்பு அதிகம், நார் குறைவு. கணக்கில்லாமல் கொடுத்தால் தொந்தி, சர்க்கரை நோய், சொத்தைப் பல் எல்லாம் வரும்.

ஷாலினி, அண்ணா நகர்: இன்ஸ்டாகிராமில் சிம்பன்சியைக் கட்டிப்பிடித்து, பால் புட்டி கொடுத்து வீடியோ போடுகிறார்களே, நீங்களும் அப்படிச் செய்தீர்களா? எனக்கு ரொம்ப ஆசை.

குட்டி என்றால் செய்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. காட்டில் குட்டி நான்கைந்து வயது வரை தாய்ப்பால் குடிக்கும், தாயின் வயிற்றிலோ முதுகிலோ தொற்றிக்கொண்டே இருக்கும். தாயைச் சுட்டுக் கொன்று பிடித்து வந்த குட்டிக்கு இரவும் பகலும் யாராவது ஒருவர் உடம்போடு உடம்பாக இருக்கவில்லை என்றால் பால் கொடுத்தாலும் பிழைக்காது. ஆனால் அந்தக் குட்டியை எவ்வளவு சீக்கிரம் மற்ற குட்டிகளோடும், முடிந்தால் ஒரு வளர்ந்த பெண் சிம்பன்சியோடும் சேர்த்துவிடுகிறோமோ அவ்வளவு நல்லது. நம்மைத் தேடி அழுவதை நிறுத்திவிட்டால் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம். மனசு கஷ்டமாகத்தான் இருக்கும், அதற்கு என்ன செய்வது.

வளர்ந்ததோடு ஒரே அறையில் இருப்பது கிடையவே கிடையாது, நடுவில் கம்பி வலை இருக்கும். மனிதனைவிட ஐந்து மடங்கு பலம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது மிகை. 2017-ல் வந்த ஓர் ஆய்வின்படி தசைக்குத் தசை சுமார் 1.35 மடங்குதான். ஆனால் கோரைப்பல்லும், சண்டை என்றால் விரலையும் முகத்தையும் குறிவைக்கும் பழக்கமும் சேரும்போது அந்த 1.35 போதும்.

இன்னொன்று, விளம்பரத்தில் பல் எல்லாம் தெரியச் 'சிரிக்கும்' சிம்பன்சி பெரும்பாலும் பயத்தில் இருக்கிறது. உண்மையில் விளையாட்டுச் சந்தோஷத்தில் இருக்கும்போது வாயைத் தளர்வாகத் திறந்து வைத்திருக்கும், மேல் பல் மறைந்திருக்கும். இதைத் தெரிந்துகொண்டால் பாதி வீடியோக்களைப் பார்க்க முடியாது.

கார்த்திக், தாம்பரம்: இவ்வளவு செலவு செய்து வைத்திருப்பதற்குப் பதில் காட்டிலேயே விட்டுவிட வேண்டியதுதானே?

எல்லோரும் கேட்பது, நியாயமான கேள்வியும்கூட. எந்தக் காட்டில் விடுவது என்பதுதான் சிக்கல். ஜாம்பியா சிம்பன்சிகளின் சொந்த ஊரே இல்லை, அங்கே இருப்பவற்றில் பல பக்கத்துக் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து கடத்தி வரப்பட்டுப் பிடிபட்டவை. சரி, சிம்பன்சி வாழும் காட்டுக்கே கொண்டுபோனால் அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம் எல்லை பிடித்து வைத்திருக்கும், அந்நிய ஆண் வந்தால் சேர்ந்து அடித்தே கொன்றுவிடும். எது தின்னலாம், எது கூடாது, எங்கே தண்ணீர் என்பதெல்லாம் தாயிடம் பல வருடம் கூடவே இருந்து கற்பது, இவர்களுக்கு அது கிடைக்கவில்லை. மனிதனைக் கண்டு பயமும் இல்லை, பசித்தால் நேரே கிராமத்துக்குள் நடந்து போவார்கள், அப்புறம் இரண்டு பக்கமும் ரத்தம்தான். மனிதர்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட நோயைக் காட்டுக் கூட்டத்துக்குக் கொண்டுபோகும் ஆபத்து வேறு.

விட்டதே இல்லை என்றும் சொல்ல முடியாது. காங்கோ குடியரசின் கொங்குவாட்டி பகுதியில் 1996-லிருந்தும், கினியில் மேல் நைஜர் தேசியப் பூங்காவில் 2008-லும் விட்டிருக்கிறார்கள். இடம், கூட்டம், காவல், வருடக்கணக்கில் பின்தொடர ஆள் என்று எல்லாம் அமைய வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு அது அமையாது. அதனால் சரணாலயம்தான் கடைசி வரை வீடு. ஐம்பது வயதைத் தாண்டியும் வாழக்கூடிய உயிர் என்பதால் குட்டியாக எடுத்துக்கொள்ளும்போதே நம் காலத்துக்குப் பிறகு யார் பார்ப்பார்கள் என்று யோசித்தாக வேண்டும். இதனால்தான் பெரும்பாலான சரணாலயங்களில் கருத்தடையும் செய்கிறார்கள், பெண் சிம்பன்சிக்குத் தோலுக்கு அடியில் இம்ப்ளான்ட் வைப்பார்கள். வரிசையில் இன்னும் அநாதைக் குட்டிகள் காத்திருக்கும்போது புதிதாகப் பிறக்க வைப்பதில் எனக்கும் உடன்பாடு இல்லை.

ராமநாதன், மயிலாப்பூர்: மூர் மார்க்கெட் பக்கம் மிருகக்காட்சிசாலை இருந்த காலத்து ஆள் நான். கூண்டில் தனியாக வளர்ந்த குரங்கு மறுபடி கூட்டத்தோடு சேருமா அம்மா?

சேரும் சார், ஆனால் அவசரப்படுத்தக் கூடாது. நான் பார்த்த ஒருத்தியைச் சொல்கிறேன். பல வருடம் ஒரு மதுக்கடையின் பின்னால் சங்கிலியில் இருந்தவள். வந்த புதிதில் உட்கார்ந்த இடத்தில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பாள், முழங்கையில் முடியைப் பிடுங்கிப் பிடுங்கித் தோல் பளபளவென்று இருக்கும். புல்லில் கால் வைக்க மாட்டாள், சிமென்ட் விளிம்போடு நின்றுவிடுவாள்.

முதலில் மற்றவர்களைத் தூரத்திலிருந்து பார்க்க மட்டும் விட்டோம். அப்புறம் பக்கத்து அறை, நடுவில் கம்பி வலை. யாரை முதலில் அனுப்புவது என்பதில்தான் கீப்பர்களுக்குள் வாக்குவாதம் நடக்கும், பொதுவாகச் சண்டை போடாத வயதான பெண்ணைத்தான் தேர்ந்தெடுப்போம். அந்தக் கிழவி வலைக்கு அருகில் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டது, இவள் பக்கம் திரும்பவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து இவள் ஒரு விரலை வலைக்குள் விட்டாள். கிழவி திரும்பி அந்த விரலை உதட்டுக்கு நடுவில் வைத்து, கடிக்காமல், அப்படியே வைத்திருந்துவிட்டு விட்டது. பிறகு விரலைச் சுற்றியுள்ள முடியை விலக்கிப் பார்க்க ஆரம்பித்தது. நாங்கள் மூச்சு விடாமல் நின்றோம்.

அதற்கப்புறமும் கதவைத் திறக்க வாரக்கணக்கில் ஆனது, ஆண்களோடு சேர்க்க இன்னும் நாளானது, ஒரு முறை காது கிழிந்தது. காயம் இல்லாமல் எந்தச் சேர்க்கையும் நடப்பதில்லை. ஆடுவது முழுசாகப் போகவில்லை, இடி இடித்தால் மறுபடி வரும். ஆனால் பயந்தால் ஓடிப் போய் ஒட்டிக்கொள்ள ஒருவர் இருந்தார்.

பெரிய அளவிலும் இது நடந்திருக்கிறது சார். அமெரிக்காவில் கரோல் நூன் என்ற பெண்மணி தொடங்கிய சேவ் தி சிம்ப்ஸ் அமைப்பு, 2002-ல் நியூ மெக்சிகோவில் ஒரு ஆய்வுக்கூடத்தையே அதன் 266 சிம்பன்சிகளோடு எடுத்துக்கொண்டது. தனித்தனிக் கூண்டில் இருந்தவற்றைக் குடும்பங்களாகச் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோய்த் தீவுகளில் விட்டார்கள்.

டாக்டர் ஒருவர், கீழ்ப்பாக்கம்: நோய்த் தொற்றை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? ஊசி போட ஒவ்வொரு முறையும் மயக்க வேண்டுமா?

நமக்குச் சாதாரண ஜலதோஷம், அவர்களுக்கு நிமோனியா. உகாண்டாவின் கிபாலே காட்டில் 2013-ல் ஜலதோஷம் வரவைக்கும் மனித ரைனோவைரஸ் வகை ஒன்று பரவிக் காட்டுச் சிம்பன்சிகளே இறந்தன. அதனால் லேசாகத் தும்மினாலும் அன்றைக்கு நமக்கு விலங்குகள் பக்கம் வேலை கிடையாது. மாஸ்க், கையுறை, வாசலில் பூட்ஸ் நனைக்கும் கிருமிநாசினித் தொட்டி எல்லாம் கொரோனாவுக்கு முன்பிருந்தே உண்டு. காசநோய்ப் பரிசோதனை எங்களுக்கும் உண்டு, அவர்களுக்கும் உண்டு.

மயக்க மருந்தைத் தவிர்க்கத்தான் பார்ப்போம். வலைக்கு அருகில் தோளைக் கொண்டுவந்து ஒட்டினால் ஒரு துண்டுப் பழம், முதலில் வெறும் விரலால் தொடுவது, பிறகு ஊசியில்லாத சிரிஞ்ச், கடைசியில் உண்மையான ஊசி. இதே மாதிரி வாயைத் திறந்து காட்டவும், நெஞ்சை வலையில் அழுத்தி அல்ட்ராசவுண்ட் எடுக்க விடவும் பழக்கலாம். வளர்ப்பில் இருக்கும் வயதான சிம்பன்சிகள் அதிகம் சாவது இதய நோயில்தான் என்பதால் அந்த நெஞ்சுப் பழக்கம் பெரிய விஷயம். பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள், போகவும் விட வேண்டும். வற்புறுத்தினால் மறுநாள் தோள் வராது.

நிவேதா, போரூர்: சிரிக்க வைத்த சம்பவம் ஏதாவது?

எங்கள் இடத்தில் இல்லை, ஜாம்பியாவிலேயே சிம்ஃபுன்ஷி என்று 1983-லிருந்து நடக்கும் பெரிய சரணாலயத்தில். ஜூலி என்ற பெண் சிம்பன்சி 2010 வாக்கில் ஒரு புல்லை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு திரிந்தாள். ஒரு காரணமும் இல்லை. மற்றவர்கள் அருகில் வந்து உற்றுப் பார்த்தார்கள், அப்புறம் அவர்களும் செருகிக்கொண்டார்கள். ஜூலி இறந்த பிறகும் அந்தக் கூட்டத்தில் புல் செருகுவது நிற்கவில்லை. விஞ்ஞானிகள் இதை ஆய்வுக் கட்டுரையாகவே 2014-ல் எழுதினார்கள். பக்கத்து வளாகத்துக் கூட்டங்களில் அப்போது இந்த ஃபேஷன் பிடிக்கவில்லை.

அருள், வண்ணாரப்பேட்டை: இலங்கைக்காரர் ஒருவர் ஆப்பிரிக்காவில் சிம்பன்சி சரணாலயம் நடத்துகிறாராமே, உண்மையா?

உண்மைதான். பாலா அமரசேகரன், இலங்கையில் பிறந்து இளம் வயதில் சியரா லியோன் போனவர், கணக்காளர். 1988-ல் ஒரு கிராமத்தில் நோஞ்சான் குட்டி ஒன்றை விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார், பெயர் புரூனோ. அது ஒன்று பலவாகி, 1995-ல் ஃப்ரீடவுன் அருகே டாகுகாமா சரணாலயம் வந்தது. நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்த காலம் அது, அதிலும் சரணாலயத்தை விடாமல் நடத்தினார்கள். 2006-ல் அதே புரூனோ தலைமையில் 30-க்கும் மேற்பட்டவை வெளியே போய்விட்டன, ஒரு மனித உயிரும் போனது. பெரும்பாலானவை திரும்பின, புரூனோ திரும்பவில்லை. பூட்டைப் பற்றி மேலே ஏன் அவ்வளவு எழுதினேன் என்று இப்போது புரியும். 2019-ல் சியரா லியோன் சிம்பன்சியைத் தேசிய விலங்காக அறிவித்தது. ஆனாலும் சுற்றியுள்ள காட்டை வெட்டுவது நிற்காததால் 2025-ல் எதிர்ப்பாகப் பார்வையாளர்களுக்குக் கதவைச் சாத்தினார்கள். எனக்கு இதில் மறு கருத்தே இல்லை, காடு போன பிறகு டிக்கெட் விற்று என்ன பயன்.

பெயர் வேண்டாம், ஈசிஆர்: நம் நாட்டில் வீட்டில் வளர்க்க வாங்க முடியுமா?

வேண்டாம். உலக அளவில் வணிகம் தடை செய்யப்பட்ட விலங்கு. 2019-ல் கொல்கத்தாவில் ஒரு வீட்டிலிருந்த மூன்று சிம்பன்சிகளை அமலாக்கத் துறையே கைப்பற்றி அலிப்பூர் மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பியது. நம்ம மீனம்பாக்கத்தில் பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளில் என்னென்ன உயிர் மாட்டுகிறது என்று நீங்களே பேப்பரில் படிக்கிறீர்கள். ஒரு குட்டி கைக்கு வருகிறது என்றால் அங்கே அதன் தாயும், தடுக்க வந்தவர்களும் செத்திருக்கிறார்கள்.

ஹரிணி, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவி: அக்கா, இந்த மாதிரி இடத்தில் சேர என்ன செய்ய வேண்டும்?

படிப்பை முடி, அதுதான் முதல். ஆப்பிரிக்கச் சரணாலயங்கள் பல பாசா என்ற கூட்டமைப்பில் இருக்கின்றன, தன்னார்வலர் வாய்ப்புகளை அதன் வழியாகத் தேடு. காசு வாங்கிக்கொண்டு குட்டியைக் கையில் கொடுத்துப் படம் எடுக்க விடும் இடம் எதுவாக இருந்தாலும் ஒதுக்கிவிடு. உள்ளூர்க்காரர்கள்தான் அங்கே முதுகெலும்பு, சம்பளத்துக்கு அவர்களைத்தான் எடுப்பார்கள், எடுக்கவும் வேண்டும். நீ மருத்துவராகப் போனாலும் முதல் மாதங்களில் கையில் துடைப்பம்தான் இருக்கும், முகம் சுளிக்காதே. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, காசநோய்ப் பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். உகாண்டா, சியரா லியோன் பக்கம் என்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் கட்டாயம், கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டுவிடு. பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு போ.