சென்ற ஆண்டு நீங்கள் சேர்த்த பேஸ்பால் கார்டுகளில் உங்களுக்கு மிகவும் பிடித்தவை எவை, ஏன்?

விலையைக் கேட்டால் மயக்கம் வருகிற மாதிரி கார்டு எதுவும் என்னிடம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது பிட்ஸ்பர்க். நம்மவர்களுக்கு இந்த ஊர் என்றதும் பென் ஹில்ஸ் பெருமாள் கோயில்தான் நினைவுக்கு வரும். உள்ளூர்க்காரர்களுக்கு பைரேட்ஸ் பேஸ்பால் அணி. அந்த அணி கடைசியாக வேர்ல்டு சீரிஸ், அதாவது வருஷக் கடைசியில் நடக்கும் இறுதித் தொடர், ஜெயித்தது 1979-ல். 2015-க்கு அப்புறம் அதற்கு முந்தைய பிளேஆஃப் சுற்றுகள் பக்கமே போகவில்லை. அதனால் இங்கே பேஸ்பால் ரசிகர்கள் பழங்கதை பேசுவதில் கெட்டிக்காரர்கள். அந்தப் பேச்சில் மாட்டிக்கொண்டுதான் எனக்கும் இந்தக் கார்டு பைத்தியம் பிடித்தது.

பழக்கமில்லாதவர்களுக்காக: இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரத்தில் ஒரு அட்டை. முன்னால் ஆட்டக்காரரின் படம், பின்னால் அவருடைய புள்ளிவிவரம். டாப்ஸ் என்ற கம்பெனி 1950-களிலிருந்து பபிள்கம்மோடு சேர்த்து மெழுகுத்தாளில் சுற்றி விற்றது. பையன்கள் வாங்கி, பண்டமாற்று செய்து, சைக்கிள் சக்கரத்தில் சொருகி வீணாக்கியவை. அப்படி வீணாகாமல் தப்பியதில் ஒன்று, 1952-ல் வந்த மிக்கி மேன்டில் கார்டு, 2022-ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த உலகத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. என் கண் போவதெல்லாம் வேறு மாதிரி கார்டுகள் மேல். கம்பெனி காட்ட நினைத்தது ஒன்று, கார்டில் வந்து விழுந்தது இன்னொன்று என்று இருக்க வேண்டும். சென்ற ஆண்டு வாங்கியதில் பிடித்தவை பெரும்பாலும் அந்த ரகம்தான்.

முதல் இடம் ஒரு ஜோடிக்கு. டாப்ஸ் வருஷத்துக்கு ஒரு செட் போட்டு ஒவ்வொரு கார்டுக்கும் எண் கொடுக்கும். இவை 1969 டாப்ஸ் 50-ஆம் எண், 1970 டாப்ஸ் 350-ஆம் எண். இரண்டிலும் இருப்பவர் ராபர்ட்டோ கிளெமென்டே. ப்யூர்ட்டோ ரிக்கோக்காரர், 1955 முதல் 1972 வரை பைரேட்ஸுக்கு மட்டுமே ஆடியவர். இந்த ஊரில் அவர் பெயரில் பாலம் இருக்கிறது. மைதானத்தின் வலது பக்கச் சுவரை அவருடைய ஜெர்ஸி எண்ணுக்காக 21 அடி உயரத்தில் கட்டியிருக்கிறார்கள். ஆனால் 1969 கார்டை எடுத்துப் பாருங்கள். மூலையில் ஒரு வண்ண வட்டம், அதற்குள் 'பாப் கிளெமென்டே' என்று இருக்கும். 1957-லிருந்து 1969 வரை டாப்ஸ் அவரை 'பாப்' என்றேதான் அச்சடித்தது. ரேடியோக்காரர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், அவர் பேசும் ஆங்கிலத்தை உச்சரிப்பு மாறாமல் எழுத்துக்கூட்டி அச்சிட்டுக் கேலி செய்தார்கள். அவருக்கு இரண்டுமே பிடிக்காது. என் பெயர் ராபர்ட்டோ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்.

1970 கார்டில் சாம்பல் நிற பார்டர். அடியில் கையெழுத்து பாணி எழுத்தில் 'ராபர்ட்டோ கிளெமென்டே'. அந்த மாற்றத்தைப் பற்றிக் கார்டில் ஒரு விளக்கமும் கிடையாது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால்தான் விஷயம் புரியும். அவர் பெயர் அவருக்குத் திரும்பக் கிடைக்கப் பதிமூன்று வருஷம் ஆகியிருக்கிறது. அதற்குள் நாலு முறை பேட்டிங் சாம்பியன், ஒரு முறை லீக்கின் எம்.வி.பி., அதாவது மிகச் சிறந்த ஆட்டக்காரர், ஆகிவிட்டார். அலுவலகத்தில் சுப்பிரமணியன் 'சப்பு' ஆவதைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் உறைக்கிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த ஜோடியோடு 1973 கார்டையும் சேர்த்து வைத்திருக்கிறேன். அந்த வருஷம் அதுவும் 50-ஆம் எண். 1972 செப்டம்பர் 30 அன்று தன் 3000-ஆவது ஹிட்டை அடித்தார் கிளெமென்டே. பந்தை அடித்துவிட்டு அவுட்டாகாமல் ஓடிச் சேர்ந்தால் அது ஹிட். சீசனில் அதற்கு மேல் ஒரு ஹிட்டும் அடிக்கவில்லை. டிசம்பர் 31 இரவு, நிகராகுவா நிலநடுக்கத்துக்கு நிவாரணப் பொருள் ஏற்றிப்போன விமானம் ப்யூர்ட்டோ ரிக்கோ கரையோரம் கடலில் விழுந்தது. அவரும் அதில் இருந்தார். அடுத்த சில மாதங்களில் பையன்கள் பாக்கெட்டைப் பிரித்தபோது இந்தக் கார்டு வந்திருக்கும். என்னிடம் உள்ளதில் நடுவே ஒரு மடிப்பு இருக்கிறது. அதனால்தான் என் பட்ஜெட்டுக்குள் வந்தது.

அடுத்து, சில டாலருக்கே கிடைத்த ஒன்று: 1969 டாப்ஸ், 653-ஆம் எண், ஆரேலியோ ரோட்ரிகஸ், கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணி. நல்ல படம். ஒரு இளைஞன் மட்டையைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்கிறான். சிக்கல் என்னவென்றால், அவன் ரோட்ரிகஸ் இல்லை. அணியின் பேட்பாய். அதாவது மட்டை எடுத்துக் கொடுக்கும் பையன். ரோட்ரிகஸ் செய்த குறும்பா, போட்டோகிராபர் குழம்பிப்போனாரா என்று இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். டாப்ஸில் ஒருவரும் கவனிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். ரோட்ரிகஸ் சாதாரண ஆள் இல்லை. மெக்ஸிகோவிலிருந்து வந்தவர், தேர்ட் பேஸ் என்ற ஃபீல்டிங் இடத்தில் நின்று அவர் எறிந்த எறியைப் பற்றி இன்றும் பேசுவார்கள். அதே இடத்தில் ஆடிய ப்ரூக்ஸ் ராபின்சன் 1960-லிருந்து 16 வருஷம் யாருக்கும் விடாமல் வைத்திருந்த கோல்டு க்ளவ் என்ற சிறந்த ஃபீல்டர் விருதை 1976-ல் பறித்தவர் இவர்தான். அப்படிப்பட்டவரின் முகம்கூட கம்பெனிக்குத் தெரியவில்லை. கிளெமென்டேயின் பெயரும் இவருடைய முகமும் ஒரே வருஷத்து செட்டில் தப்பாக வந்திருப்பதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. அன்றைக்கு லத்தீன் ஆட்டக்காரர்கள் விஷயத்தில் இருந்த அலட்சியம் அவ்வளவு.

கொஞ்சம் சிரிக்கவும் வேண்டும் அல்லவா? 1959 டாப்ஸ் லூ பர்டெட். 1957 வேர்ல்டு சீரிஸில் யாங்கீஸ் அணியை மூன்று ஆட்டத்தில் தோற்கடித்த வலதுகைப் பிட்ச்சர், அதாவது பந்து போடுபவர். கார்டில் இடது கையால் பந்து போடுவது போல் கம்பீரமாக நிற்கிறார். போட்டோ எடுக்க வந்தவரை ஏமாற்ற, கூட ஆடிய இடதுகைக்காரர் வாரன் ஸ்பானின் க்ளவ்வை வாங்கி மாட்டிக்கொண்டார் என்பது கதை. போதாக்குறைக்கு டாப்ஸ் அவர் பெயரின் ஸ்பெல்லிங்கையும் தப்பாகப் போட்டுவிட்டது.

1976 டாப்ஸ், 564-ஆம் எண்ணுக்கு என் மேஜையில் தனி ஸ்டாண்டே இருக்கிறது. மில்வாக்கி ப்ரூவர்ஸின் கர்ட் பெவாக்வா கன்னம் உப்ப ஒரு பபிள்கம் முட்டை ஊதுகிறார். அதை காலிப்பர் வைத்து அளக்கிறார்கள். 1975-ல் பெரிய லீக் ஆட்டக்காரர்களுக்குள் நடந்த பபிள்கம் ஊதும் போட்டியின் சாம்பியன் அவர். முட்டையின் குறுக்களவு பதினெட்டேகால் அங்குலம். கார்டைத் திருப்பினால் பேட்டிங் சராசரிக்குப் பதிலாக, எந்த அணியில் யார் யாரைத் தோற்கடித்து ஃபைனலுக்கு வந்தார்கள் என்று முழு அட்டவணை. வேர்ல்டு சீரிஸுக்குக் கொடுக்கும் மரியாதையோடு அச்சடித்திருக்கிறார்கள். என் பிரதியின் பின்பக்கம் ஓரமாக ஒரு மங்கலான பழுப்புக் கறை. பாக்கெட்டுக்குள் இருந்த கம் ஒட்டிய தடம் அது. சுத்தமான பிரதி பக்கத்திலேயே இருந்தது, நான் கறை உள்ளதைத்தான் எடுத்தேன். பபிள்கம் கார்டில் பபிள்கம் கறை இல்லையென்றால் எப்படி?

அழகுக்காக மட்டும் வாங்கியது என்றால் 1971 டாப்ஸ், 5-ஆம் எண், தர்மன் மன்சன். யாங்கீஸ் கேட்சர், அதாவது மட்டைக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர். அதுவரை டாப்ஸ் கார்டு என்றால் பெரும்பாலும் நிற்க வைத்து எடுத்த படம்தான். சாதாரண கார்டுகளில் ஆட்டத்தின் நடுவில் எடுத்த கலர் படங்களைப் போட ஆரம்பித்தது 1971-ல். படுக்கைவாட்டில் வைத்த படம். ஓடி வந்தவர் சறுக்கி விழ, புழுதி கிளம்ப, மன்சன் முகமூடி இல்லாமல் அவர் மேல் பாய்கிறார். மூலையில் சின்னதாக ஒரு தங்கக் கோப்பை. முந்தைய ஆண்டின் சிறந்த புதுமுகங்களுக்கு டாப்ஸ் போடும் முத்திரை அது. மன்சன் 1979-ல் தன் சொந்த விமானத்தை ஓட்டப் பழகும்போது விபத்தில் இறந்தார். முப்பத்திரண்டு வயது.

1971 செட் வாங்கப் போகிறவர்கள் கவனிக்க: பார்டர் முழுக்கக் கறுப்பு. நகம் பட்டால்கூட மை உதிர்ந்து வெள்ளை தெரியும். அதை மறைக்க மார்க்கர் பேனாவால் மூலைகளைத் தீட்டி விற்பவர்கள் உண்டு. கார்டை நேராகப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது. விளிம்பைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். அட்டையின் பக்கவாட்டு கனம் வெளிறித் தெரிய வேண்டும். அங்கேயும் மை ஊறியிருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். கார்டு ஷோவில் விற்பவர் முன்னாலேயே இதைச் செய்யலாம், தப்பாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால் அடுத்த மேஜைக்குப் போய்விடுங்கள்.

புதுக் கார்டு ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். ஒன்று உண்டு. 2025 டாப்ஸில் வந்த குமார் ராக்கரின் ரூக்கி கார்டு, அதாவது புதுமுகமாக வரும் முதல் கார்டு. ஆமாம், குமார்தான். டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ் பிட்ச்சர். அப்பா ட்ரேஸி ராக்கர் அமெரிக்க ஃபுட்பால் ஆடியவர், அம்மா இந்திய வம்சாவளி. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடும்போது 2019-ல் ட்யூக் அணிக்கு எதிராக ஒரு ஹிட்டும் கொடுக்காமல் 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்கவே விடாமல் வெளியேற்றினார். 2021-ல் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் டிராஃப்டில் மெட்ஸ் அணி தேர்ந்தெடுத்து, மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தம் போடாமல் விட்டது. அடுத்த வருஷ டிராஃப்டில் ரேஞ்சர்ஸ் மூன்றாவது ஆளாக எடுத்தது. 2023-ல் முழங்கையில் அறுவை சிகிச்சை. ஒருவழியாக 2024 செப்டம்பரில் முதல் ஆட்டம். 2025 சீசன் அவருக்குச் சரியாக அமையவில்லை, நடுவில் மைனர் லீக் என்ற கீழ்நிலை ஆட்டங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் கார்டு சல்லிசாகக் கிடைக்கிறது, நான் ஒன்றுக்கு மேலேயே வாங்கிவிட்டேன். ஆடுகிறாரோ இல்லையோ, டாப்ஸ் கார்டில் 'குமார்' என்று அச்சாகியிருப்பதை வீட்டுக்கு வரும் மாமா மாமிகளிடம் காட்டாமல் இருக்க முடிவதில்லை. கிளெமென்டே ஜோடிக்குப் பக்கத்து உறையில்தான் அது இருக்கிறது.

பால் ஸ்கீன்ஸ் கார்டு பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். பைரேட்ஸின் இளம் பிட்ச்சர், தற்போது எங்கள் ஊரின் ஒரே ஆறுதல். பெரிய லீக்கில் தன் முதல் ஆட்டத்தை ஆடும் ஒவ்வொருவருக்கும் சட்டைக் கையில் ஒரு பேட்ச் தைப்பார்கள். பிறகு அதைப் பிரித்தெடுத்து, கையெழுத்து வாங்கி, உலகத்திலேயே ஒன்றே ஒன்றாக ஒரு கார்டு செய்து ஏதோ ஒரு பாக்கெட்டுக்குள் ஒளித்துவிடுவார்கள். ஸ்கீன்ஸுடையது 2024 கிறிஸ்மஸ் அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பதினொரு வயதுப் பையனுக்குக் கிடைத்தது. கார்டைக் கொடுத்தால் மட்டைக்காரர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் 30 வருஷத்துக்கு சீசன் டிக்கெட் தருகிறோம் என்றது பைரேட்ஸ். பைரேட்ஸ் ஆட்டத்தை 30 வருஷம் பார்ப்பது பரிசா தண்டனையா என்று இங்கே எல்லாரும் சிரித்தோம். குடும்பம் ஏலத்துக்கு விட்டது. 2025 மார்ச்சில் 11 லட்சம் டாலருக்கு மேல் போனது. ஸ்கீன்ஸ் ஆட்டத்துக்குப் போவேன், அந்த மாதிரி கார்டுக்கு ஆசைப்பட மாட்டேன். கம்பெனியே திட்டம் போட்டு உருவாக்கும் அபூர்வத்தில் எனக்கு ருசியில்லை.

புதிதாக ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் காராஜ் சேலில் 1987-லிருந்து 1993 வரை உள்ள கார்டுகள் பெட்டி பெட்டியாக வரும். பழசாக இருக்கிறதே, புதையல் என்று நினைக்காதீர்கள். அந்த வருஷங்களில் அச்சடித்துக் குவித்துவிட்டார்கள், எல்லாரும் பத்திரமாகவும் வைத்துவிட்டார்கள். பொழுதுபோக்காகப் பிரித்துப் பார்க்க ஐந்து டாலர் கொடுக்கலாம். பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்து மதிப்பெண் போட்டு வரும் கார்டுகளும் ஆரம்பத்தில் வேண்டாம், பாதிக் காசு மதிப்பெண்ணுக்கே போய்விடும். ஷோவில் டாலர் பாக்ஸ் என்று ஒன்று இருக்கும், எந்தக் கார்டை எடுத்தாலும் ஒரு டாலர். அதில் கையை விட்டு, படத்தைப் பார்த்து எடுங்கள், பின்பக்கத்தையும் படியுங்கள்.

இந்த ஆண்டு நான் தேடுவது 1957 டாப்ஸ் ஹாங்க் ஆரன். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்ததால் வலதுகைக்காரரான ஆரன் இடது கையால் மட்டை பிடிக்கிறார், ஜெர்ஸியில் 44 கண்ணாடியில் தெரிவது போல் இருக்கும். டாப்ஸ் கடைசி வரை அதைத் திருத்தவே இல்லை. மூலை உடைந்ததோ மடிப்பு விழுந்ததோ, பரவாயில்லை, அந்த 44 மட்டும் தெளிவாகத் தெரிய வேண்டும். யாரிடமாவது நியாயமான விலைக்கு இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.