அணுக்கரு இணைவு ஆய்வை நம்பி மகளைப் படிக்க வைக்கலாமா?

கேள்வி: என் மகள் சென்னையில் இயற்பியல் இளநிலை மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அணுக்கரு இணைவு, பிளாஸ்மா ஆகிய துறைகளில் ஆய்வாளராக வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறாள். "இணைவு மின்சாரம் இன்னும் முப்பது ஆண்டில் வரும் என்று எங்கள் காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், பெண்ணின் எதிர்காலத்தை அதில் பணயம் வைக்காதே" என்கிறார்கள் உறவினர்கள். இந்தத் துறையில் உண்மையில் வேலை இருக்கிறதா? எங்கே, எப்படிப் படிப்பது? (பெரம்பூர் வாசகர் ஒருவர்)

பதில்: சூரியனில் நடப்பதுபோல் லேசான அணுக்கருக்களை ஒன்றாக இணைத்து ஆற்றல் பெறுவதே அணுக்கரு இணைவு; அதற்காக, அணுக்கள் எலக்ட்ரான்களை இழக்கும் அளவுக்குச் சூடாக்கப்பட்ட வாயுவே பிளாஸ்மா. உறவினர்களின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இந்தியா உட்பட ஏழு உறுப்பினர்கள் சேர்ந்து தெற்கு பிரான்சில் கட்டிவரும் ஈட்டர் (ITER) என்ற சோதனை இணைவு உலை 2025-இல் முதல் பிளாஸ்மாவை உண்டாக்கும் என்று முன்பு அறிவிக்கப்பட்டிருந்தது. 2024-இல் வெளியான புதிய திட்டத்தின்படி ஆய்வுப் பணிகள் 2034-இல்தான் தொடங்கும். ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியம், டிரிட்டியம் என்ற உண்மையான எரிபொருளைக் கொண்டு இயக்குவது 2039-இல். ஆனால் உங்கள் மகளின் சம்பளம் அந்த மின்சாரத்தை விற்றுக் கிடைக்கப்போவதில்லை. அங்கே போய்ச் சேர்வதற்குத் தீர்க்க வேண்டிய சிக்கல்களுக்காகத்தான் ஆய்வகங்கள் இன்று ஆட்களை எடுக்கின்றன. ஆகவே உலை எப்போது எரியும் என்பதைவிட, அவள் எந்தச் சிக்கலைக் கையில் எடுக்கப்போகிறாள், அதில் பெறும் திறமைக்கு வெளியிலும் மதிப்பு உண்டா என்பதையே நீங்கள் கேட்க வேண்டும்.

இணைவு ஆய்வு என்றவுடன் கரும்பலகையில் சமன்பாடு எழுதும் கோட்பாட்டு இயற்பியலாளரே பலர் மனதில் வருகிறார். பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் வளைய வடிவ உலையான ஒரு டோகாமாக்கை நினைத்துப் பாருங்கள். நடுவில் சுமார் 15 கோடி டிகிரி வெப்பத்தில் பிளாஸ்மா. அதற்குச் சில மீட்டர் தொலைவில் மைனஸ் 269 டிகிரி அளவுக்குக் குளிர்விக்கப்பட்ட, மின்தடையே இல்லாத மீக்கடத்தி காந்தங்கள். இடையே உயர் வெற்றிடக் கலம், பிளாஸ்மாவைச் சூடாக்கும் ரேடியோ அலை மூலங்கள், துகள் கற்றைகள், உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒளியாலும் நுண்ணலையாலும் அளந்து சொல்லும் டயக்னாஸ்டிக்ஸ் கருவிகள். ஒவ்வொரு இணைவிலும் வெளிவரும் 17.6 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் 14.1 மில்லியனை நியூட்ரான் சுமந்து சென்று சுவரில் மோதுகிறது. அந்த அடியை ஆண்டுக்கணக்கில் தாங்கும் உலோகத்தை உருவாக்குவது தனியொரு துறை. இயற்கையில் மிக அரிதான டிரிட்டியத்தை லித்தியத்திலிருந்து உலைக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்வது இன்னொன்று. இவற்றில் பெரும்பாலானவை பொறியாளர்களும் பொருளறிவியலாளர்களும் செய்யும் வேலைகள். கோட்பாட்டுக்கும் கணினி உருவகப்படுத்தலுக்கும் எப்போதும் இடம் உண்டு என்றாலும், கணிதத்தில் மிகுந்த ஆழம் உள்ளவர்களே அங்கே நிலைக்கிறார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தியாவில் இந்தத் துறையின் தலைமை இடம் குஜராத்தின் காந்திநகருக்கு அருகே பாட் கிராமத்தில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு சிறு திட்டமாகத் தொடங்கி, 1986-இல் தனி நிறுவனமான அது இப்போது அணுசக்தித் துறையின் கீழ் இயங்குகிறது. பிரின்ஸ்டனில் பணியாற்றித் தாயகம் திரும்பிய பிரதிமான் கிருஷ்ண கவ் அதன் முதல் இயக்குநர். 1989-இல் இயங்கத் தொடங்கிய ஆதித்யா இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட டோகாமாக். மேம்படுத்தப்பட்டு இன்றும் இயங்குகிறது. மீக்கடத்தி காந்தங்கள் கொண்ட எஸ்எஸ்டி-1 2013-இல் முதல் பிளாஸ்மாவைத் தந்தது. ஈட்டருக்கான நம் பங்கைத் தயாரித்து அனுப்பும் ஈட்டர்-இந்தியா பிரிவும் இதே நிறுவனத்தைச் சேர்ந்தது. ஈட்டரை முழுவதும் சூழ்ந்து நிற்கும் சுமார் 30 மீட்டர் உயரமுள்ள கிரையோஸ்டாட் என்ற குளிர்காப்புக் கலம் இந்தியா கொடுத்ததுதான்.

அங்கு முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர முதுநிலை இயற்பியலுடன் ஜெஸ்ட், நெட், கேட் போன்ற தேசியத் தேர்வு ஒன்றில் நல்ல மதிப்பெண் வேண்டும்; பிறகு நேர்காணல். பட்டத்தை ஹோமி பாபா தேசியக் கல்வி நிறுவனம் வழங்குகிறது. கட்டணம் செலுத்திப் படிக்க வேண்டுமோ என்ற கவலை பல பெற்றோருக்கு இருக்கிறது, அது தேவையில்லை. 2023 முதல் மத்திய அரசின் ஆய்வு உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய்.

சென்னையில் இருப்பவர்கள் கவனிக்கத் தவறும் வாய்ப்பு ஒன்று கல்பாக்கத்தில் இருக்கிறது. அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் வேக ஈனுலைகளுக்கானது (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் அணுப்பிளவு உலைகள்) என்றாலும், இணைவு உலைகளின் சுவருக்கென, நியூட்ரான் பட்டபின் கதிரியக்கம் விரைவில் தணியும் தனிவகை எஃகை காந்திநகர் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. திரவ உலோகங்களைக் கையாள்வதிலும் அங்கே நீண்ட அனுபவம் இருக்கிறது. உங்கள் மகளுக்குப் பொருளறிவியலில் ஈடுபாடு இருந்தால், நான் அந்தப் பக்கமே கை காட்டுவேன். இணைவு மின்சாரத்தின் காலத்தைக் கடைசியில் தீர்மானிக்கப்போவது பொருள்கள்தான் என்று உறுதியாக நம்புகிறேன். அந்தத் திறமைக்கு அணுமின் துறையிலும் விண்வெளித் துறையிலும் இன்றே தேவை இருக்கிறது.

இனி கடினமான பகுதி. நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. அறிவிப்புகள் ஆண்டுதோறும் ஒரே சீராக வருவதில்லை. முனைவர் பட்டம் பெற ஐந்தாறு ஆண்டுகள், அதன்பின் பெரும்பாலும் வெளிநாட்டில் ஒன்றிரண்டு முனைவர் பட்ட மேலாய்வுப் பணிகள் என்று முப்பது வயதைத் தாண்டியே நிலையான வேலை அமையும். திருமணம், பெற்றோரைக் கவனிப்பது, சென்னையிலேயே இருக்க விரும்புவது எல்லாம் இந்தக் காலத்தில்தான் குறுக்கிடும். குடும்பம் அவளோடு உட்கார்ந்து முன்கூட்டியே பேசிவைக்க வேண்டிய செய்தி இது. ஈட்டர் அமைப்பு உறுப்பு நாட்டவரையே பணிக்கு எடுப்பதால் இந்தியக் கடவுச்சீட்டு அங்கே ஒரு தகுதி. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தனியார் இணைவு நிறுவனங்கள் பெருகியிருக்கின்றன, ஆனால் முதலீடு வற்றினால் ஆட்குறைப்பும் வரும்.

அதனால்தான் வெளியேறும் வழிகள் முக்கியம். சிப் உற்பத்தியில் நுண்ணிய சுற்றுகளைச் செதுக்குவது பிளாஸ்மாதான். அந்த இயந்திரங்களைச் செய்யும் லாம் ரிசர்ச், அப்ளைடு மெட்டீரியல்ஸ் ஆகியவற்றுக்குப் பெங்களூரில் பெரிய மையங்கள் உள்ளன. இஸ்ரோ 2025-இல் செயற்கைக்கோள்களுக்கான 300 மில்லிநியூட்டன் உந்துவிசை கொண்ட பிளாஸ்மா உந்தியை 1,000 மணி நேரம் இயக்கிச் சோதித்தது. உலோகப் பரப்பைக் கடினமாக்குவது, மருத்துவக் கழிவைச் சிதைப்பது போன்ற பயன்பாடுகளும் பெருகுகின்றன. வெற்றிடத் தொழில்நுட்பமும் மின்னணுக் கருவியியலும் கைவசம் உள்ள ஆய்வாளர் இவற்றுக்குள் நுழைவது எளிது. கணினிப் பக்கம் மட்டுமே வேலை செய்தவருக்குத் தரவு அறிவியல் பக்கம் வழி திறக்கும், ஆனால் அங்கே பிளாஸ்மா படித்ததற்கென்று தனி மதிப்பு அதிகம் இருக்காது.

இந்த ஆண்டு செய்ய வேண்டியது சுருக்கமானது. முதுநிலைச் சேர்க்கைக்கு ஐஐடிகள் நடத்தும் ஜாம் தேர்வை அவள் இறுதியாண்டிலேயே எழுதலாம். முதுநிலைக்குக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைவிட, மின்காந்தவியலும் புள்ளியியல் இயந்திரவியலும் ஆழமாக நடக்கிறதா, பிளாஸ்மா அல்லது வெற்றிட ஆய்வகம் இருக்கிறதா என்று பாருங்கள். பைத்தானை இப்போதே கற்கட்டும். முதுநிலை முதலாண்டில் காந்திநகர் நிறுவனத்தின் கோடைக்காலப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கட்டும். சில வாரங்கள் உண்மையான கருவியருகே நின்றால், செய்முறை தனக்கு ஒத்துவருமா, கோட்பாடு ஒத்துவருமா என்று அவளுக்கே தெரிந்துவிடும். அங்கு போகும்போது பேராசிரியர்களிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பக் கூடாது. மூன்றாம், நான்காம் ஆண்டு ஆய்வு மாணவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: அவர்கள் நம்பியிருக்கும் கருவி கடந்த ஆண்டு எத்தனை மாதம் இயங்கியது? அந்த வழிகாட்டியிடம் முன்பு படித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள்? அவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்கும் ஆய்வுக்குழு என்றால் தயங்காமல் அனுப்புங்கள்; மூன்றாவது கேள்விக்கு யாரும் வாய் திறக்கவில்லை என்றால் வேறு வழிகாட்டியைத் தேடச் சொல்லுங்கள்.