டாம்கோ கடனுக்கு எங்கே போவது?

சகோதரி, தையல் கடையைப் பெரிதாக்க டாம்கோ (தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம்) தரும் கடன் கிறித்தவர்களுக்கும் உண்டா, சென்னைக்குப் போகணுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக உண்டு. முஸ்லிம், சீக்கியர், பௌத்தர், பார்சி, சமணருக்கும்தான். சென்னையெல்லாம் வேண்டாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகம் இருக்கும், அங்கே விண்ணப்பம் தருவார்கள். பணம் கூட்டுறவு வங்கி வழியாக வரும்.

வருமானத்தைப் பொறுத்து இரண்டு திட்டம். வருமானம் கொஞ்சம் கூடுதலாக உள்ளவர்களுக்கான இரண்டாவதில் ஆண்களுக்கு 8 சதவீத வட்டி, பெண்களுக்கு 6தான். அதனால் கணவர் பெயரில் போடாதீர்கள்.

சாதி, வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் சுலபம். இழுத்தடிப்பது கொட்டேஷன்தான், அதாவது வாங்கப்போகும் பொருளுக்குக் கடைக்காரர் எழுதித்தரும் விலைப்புள்ளி. என் அக்கா 'தையல் மிஷின் 3' என்று எழுதிய துண்டுச்சீட்டைக் கொண்டுபோனாள். மாடல் இல்லை, வரி இல்லை என்று திருப்பிவிட்டார்கள். அப்புறம், ஜாமீனுக்கு ஆளை இப்போதே பேசி வையுங்கள்.