ரத்தக் கழிச்சலுக்குப் புழு மருந்து கேட்காது

கேள்வி: 60 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கி வளர்க்கிறேன். வயது 25 நாள். நான்கு நாளாக விடாத மழை. இப்போது குஞ்சுகள் இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி மூலையில் ஒடுங்கி நிற்கின்றன. எச்சத்தில் ரத்தம் தெரிகிறது. கடையில் கேட்டேன், வயிற்றில் பூச்சி இருக்கும் என்று குடற்புழு மருந்து கொடுத்தார்கள். அதைக் கொடுத்தும் ஏழு குஞ்சுகள் செத்துவிட்டன. மீதியையாவது காப்பாற்ற முடியுமா? (உசிலம்பட்டி பக்கமிருந்து ஒரு வாசகி)

காப்பாற்ற முடியும், ஆனால் இன்றைக்கே தொடங்க வேண்டும். முதலில் அந்தக் குடற்புழு மருந்தை நிறுத்திவிடுங்கள். நீங்கள் சொல்லும் வயது, மழை, ரத்தம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இது பெரும்பாலும் ரத்தக் கழிச்சல்தான். மருந்துக் கடைகளில் காக்சி என்பார்கள்; முழுப் பெயர் காக்சிடியோசிஸ். இதை உண்டாக்கும் எய்மீரியா என்பது புழுவே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஓரணு உயிரி. அல்பெண்டசோல், பைப்பரசின் போன்ற புழு மருந்துகள் எத்தனை வேளை கொடுத்தாலும் அது சாகாது. அதோடு, கோழிக் குடலில் உருண்டைப்புழு முழுதாக வளரவே ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும். 25 நாள் குஞ்சு ரத்தமாகக் கழிந்தால் புழுவைச் சந்தேகிப்பதில் அர்த்தமில்லை.

நோயை உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. அடுத்து ஒரு குஞ்சு இறந்தால், உடல் கெடுவதற்குள், கையுறை போட்டுக்கொண்டு வயிற்றைத் திறந்து பாருங்கள். சிறுகுடல் முடியும் இடத்தில் இரண்டு நீளப் பைகள் இருக்கும். குருட்டுக்குடல் என்பது அதுதான். நல்ல குஞ்சில் அது சன்னமாக, பழுப்பு நிறத்தில் கிடக்கும். ரத்தக் கழிச்சலில் இரண்டும் ரத்தம் நிறைந்து, கறுஞ்சிவப்பாகத் தடித்திருக்கும். வெட்டினால் ரத்தமோ, உறைந்த ரத்தக் கட்டியோ வெளியே வரும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தால் குஞ்சை அப்படியே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொரு விஷயம். நலமாக உள்ள கோழியும் நாளுக்குச் சில தடவை சாக்லேட் நிறத்தில், பசை மாதிரி, நாற்றத்தோடு எச்சமிடும். அது குருட்டுக்குடல் எச்சம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். புது ரத்தம் போல் சிவந்து, கூளத்தில் ஊறி நின்றால்தான் கவலை. எச்சம் வெள்ளையாகவோ பச்சையாகவோ போய், கூடவே கழுத்துத் திருகலோ மூச்சுத் திணறலோ இருந்தால் அது வேறு. வெள்ளைக்கழிச்சல் என்னும் ராணிக்கெட்டாக இருக்கலாம். அதற்கு ரத்தக் கழிச்சல் மருந்து உதவாது, உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். பழக்கத்தில் உள்ள மருந்து ஆம்ப்ரோலியம். இதன் வேதி அமைப்பு வைட்டமின் பி1 மாதிரியே இருக்கும். ஒட்டுண்ணி ஏமாந்து வைட்டமினுக்குப் பதில் இதை எடுத்துக்கொண்டு, பி1 கிடைக்காமல் அழியும். குடிதண்ணீரில்தான் கலக்க வேண்டும். ஏனென்றால் நோய் வந்த குஞ்சு தீவனத்தைத் தொடாது, தண்ணீர் மட்டும் ஓரளவு குடிக்கும். 20 சதவீதத் தூளாக இருந்தால் ஒரு லிட்டருக்கு 1.2 கிராம், அதாவது 5 லிட்டருக்கு 6 கிராம். ஐந்து நாள் கொடுங்கள். அப்புறம் 5 லிட்டருக்கு 1.5 கிராம் என்று குறைத்து இன்னும் ஒரு வாரம், பத்து நாள் தொடருங்கள். பாக்கெட்டில் 20 சதவீதம் என்று போட்டிருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு வீரியம் என்றால் அளவும் மாறும். கரண்டிக் கணக்கை நம்பாதீர்கள், சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்துப் போடுங்கள். உங்கள் 53 குஞ்சுகள் இந்த வயதில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3 லிட்டர் குடிக்கும். தினமும் புதிதாகக் கலந்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். வேறு தண்ணீர் எதுவும் வைக்கக் கூடாது. மழைத் தண்ணீர் தேங்கிய குழி ஒன்று பக்கத்தில் இருந்தாலும் குஞ்சுகள் அதைத்தான் குடிக்கும்.

நோய் தெரிகிற குஞ்சுக்கு மட்டும் கொடுத்தால் போதாது. ஒட்டுண்ணி உள்ளே போய் நான்கைந்து நாள் கழித்துத்தான் ரத்தம் வரும். இன்றைக்குத் துள்ளி ஓடும் குஞ்சு அதை முந்தாநாளே விழுங்கியிருக்கும். எனவே எல்லாவற்றுக்கும் கொடுங்கள். மிகவும் துவண்ட குஞ்சுகளைத் தனிப் பெட்டியில், பல்பு வெளிச்சத்தின் சூட்டில் வைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் அதே மருந்துத் தண்ணீரை அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். புரை ஏறாமல் நிதானமாகச் செய்யுங்கள்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். குஞ்சு சோர்ந்திருக்கிறதே என்று பாசத்தில் அதே தண்ணீரில் பி-காம்ப்ளெக்ஸ் டானிக்கையும் ஊற்றிவிடுகிறார்கள். அதில் பி1 இருக்கிறது. ஒட்டுண்ணிக்குச் சோறு போட்ட மாதிரி ஆகிவிடும். டானிக்கை மருந்து முடிந்த பிறகு கொடுங்கள். ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே, குடல் தேற வைட்டமின் ஏ இரண்டும் நல்லது.

டோல்ட்ராசூரில் என்ற மருந்து இன்னும் வேகமாக வேலை செய்யும். 2.5 சதவீதக் கரைசல் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி வீதம் இரண்டு நாள். மருத்துவர் சொன்னால் அதையே கொடுங்கள். முட்டையிடும் கோழிக்கு அது கூடாது. இறைச்சிக்கு விற்பதற்கு முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று லேபிளில் இருக்கும். அதை மதிக்க வேண்டும். மஞ்சளும் பூண்டும் அரைத்துக் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மற்ற நாளில் கொடுங்கள், ரத்தம் போகும்போது அதை மட்டும் நம்பி இரண்டு நாளை இழக்காதீர்கள்.

மருந்து பாதி வேலைதான் செய்யும், மீதி பாதி தரையில் இருக்கிறது. எச்சத்தோடு வெளியே வரும் நுண்முட்டைகள் வந்தவுடன் நோய் பரப்பாது. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முற்றி, அடுத்த குஞ்சுக்குத் தயாராகிவிடும். காய்ந்த கூளத்தில் அது நடக்காது. மழைக்காலத்தில் கொட்டகை கொட்டகையாகப் போய்ப் பார்த்திருக்கிறேன். கூரை ஒழுகாத இடத்திலும் தண்ணீர்க் குவளையைச் சுற்றி ஒரு முழத்துக்குக் கூளம் சேறாகக் கிடக்கும். குஞ்சுகள் குடிக்க வந்து அதே இடத்தில் எச்சமிட்டு, அதே இடத்தைக் கொத்தும். நோய் வளையவருவது அந்த ஒரு முழத்தில்தான்.

இன்றைக்கே நனைந்த கூளத்தை வாரி வெளியேற்றி, காய்ந்த உமியோ தேங்காய் நார்த்தூளோ இரண்டு மூன்று அங்குலம் பரப்புங்கள். குவளையைச் செங்கல் மேல் ஏற்றி, விளிம்பு குஞ்சின் முதுகு உயரத்துக்கு வரும்படி வையுங்கள். ஒரு கைப்பிடி கூளத்தை இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்து பாருங்கள்; உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் ஈரம். ஃபினாயில் தெளிப்பது வீண், இந்த நுண்முட்டைகளின் ஓடு அதற்கு அசையாது. கொட்டகை காலியானதும் தரையைச் சுரண்டிக் கழுவி, தீ ஊதுகுழலால் சுட்டு, நன்றாகக் காயவிட்டால் பலன் உண்டு.

அடுத்த தொகுதிக்கு வாங்கும் குஞ்சுத் தீவன மூட்டையில் காக்சி தடுப்பு மருந்து சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். வீட்டில் அரைக்கும் தீவனத்தில் அது இருக்காது. பொரிப்பகத்திலேயே காக்சி தடுப்பூசி போட்ட குஞ்சு என்றால் அந்த மருந்துத் தீவனம் வேண்டாம், தடுப்பூசி பலிக்காது. பெரிய கோழிகளையும் குஞ்சுகளையும் ஒரே இடத்தில் விடாதீர்கள். பெரியவை நோயின் அறிகுறி இல்லாமலே நுண்முட்டைகளை எச்சத்தில் தள்ளும். வீட்டுக் குழந்தைகளுக்கு இது தொற்றாது, கோழி எய்மீரியா கோழியோடு சரி. ஆனாலும் குஞ்சைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், எச்சத்தில் வேறு கிருமிகள் உண்டு.

மருந்து தொடங்கிய மூன்றாம் நாளில் புதிய சாவு குறைய வேண்டும், தீவனத் தட்டு காலியாகத் தொடங்க வேண்டும். ஐந்தாம் நாளும் ரத்தம் நிற்கவில்லை என்றால் அளவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். அன்று இறந்த குஞ்சு ஒன்றையும், தனிக் கவரில் புது எச்சத்தையும், ஐஸ் போட்ட டப்பாவில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, எந்த மருந்துக்கு மாற வேண்டும் என்று அவர் சொல்வார்.