கதை எதுன்னு முடிவாகாம கேரக்டர் கேக்காதீங்க

கேள்வி: அக்கா, நாங்க ஆறு பேரு. ஒரே ஆபீஸ்ல இருந்தவங்க, இப்ப வேற வேற கம்பெனி, ஆனாலும் ஞாயித்துக்கிழமை மதியம் யார் வீட்லயாவது கூடி டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டரா மாறி பகடை உருட்டி சேர்ந்து கதை ஓட்டுற விளையாட்டு) விளையாடுறோம். நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துற ஆளு. புதுசா தொடங்குறவங்களுக்கான ஸ்டார்டர் செட் பெட்டியில வந்த லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேண்டெல்வர்ங்கிற கதை இப்பதான் முடிஞ்சுது. அடுத்து புது கேரக்டரோட பெருசா ஒண்ணு ஓட்டணும்னு ஆசை, ஆனா கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட், டூம் ஆஃப் அனைஹிலேஷன், வாட்டர்டீப் டிராகன் ஹைஸ்ட்னு மூணு கதைப் புக்குல எதுன்னு முடிவு பண்ண முடியல. அதுக்குள்ள ஆளாளுக்கு கேரக்டர் பண்ணி வாட்ஸப்ல அனுப்பிட்டாங்க. ஒருத்தன் யாரையும் நம்பாத, யார்கூடயும் பேசாத அசாசின், பதுங்கிக் கொல்ற ஆளு. ஒருத்தி காமெடி பண்ற பார்ட், பாட்டாலயே மந்திரம் போடுற ஆளு. ஒருத்தன் காட்டுல வளர்ந்த ரேஞ்சர். ஒருத்தர் நாட்டை இழந்த இளவரசன்னு பத்து பக்கம் எழுதியிருக்கார். கடைசி ஆளுக்கு கைக்குழந்தை, நேரமே இல்ல, "நீயே ஏதாவது போட்டுக் குடு"ன்னுட்டாங்க. இந்த அஞ்சு பேரும் ஒண்ணா எந்தக் கதைக்கும் பொருந்தல. வேணாம்னு சொன்னா மனசு கஷ்டப்படுவாங்க. என்ன பண்றது? (பெயர் வேண்டாம், கோவை)

பதில்: தம்பி, கேக்காமலே நாலு பேரு கேரக்டர் எழுதி அனுப்புறாங்கன்னா உங்க டேபிள் மேல அவங்களுக்கு எவ்ளோ ஆசைன்னு பாருங்க, அதனால அந்த பயத்தை முதல்ல விடுங்க. இங்க வரிசைதான் மாறிப்போச்சு. கதை என்னன்னே தெரியாததால ஒவ்வொருத்தரும் தன் மனசுல ஓடுற கதைக்கு ஒரு ஆளை பண்ணிட்டாங்க, ஒருத்தனுக்கு பழிவாங்குற கதை, ஒருத்திக்கு ஜாலியான கதை, இன்னொருத்தருக்கு ராஜா கதை, அப்புறம் எப்படி பொருந்தும்? நீங்க கதையை முடிவு பண்ணி, அதுல எந்த மாதிரி ஆளுங்க கடைசி வரைக்கும் நிப்பாங்கன்னு வெளிப்படையா சொல்லிட்டீங்கன்னா பாதி தானா சரியாகிடும், மீதிக்கு ஒவ்வொருத்தரோடயும் உக்காந்து பேசணும்.

எந்த புக்குன்னு ஓட்டு எடுக்காதீங்க. பேரைச் சொல்லி கேட்டா அட்டைப்படம் எது நல்லாருக்கோ அதுக்கு கை தூக்குவாங்க. மாசக்கணக்கா ஞாயித்துக்கிழமை மதியம் நீங்க என்ன பண்ணிட்டிருந்தா சந்தோஷம்னு கேளுங்க. பயந்து பயந்து ஒரு கோட்டையை நெருங்கணுமா, காட்டுல வழி தேடி அலையணுமா, ஒரு ஊர்ல கடை போட்டு உக்காந்து நாலு பேரை தெரிஞ்சுக்கிட்டு சதி கண்டுபிடிக்கணுமா? அந்த மூணு புக்கும் அந்த மூணுதான்.

டிராகன் ஹைஸ்ட் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். 2018ல வந்தது, லெவல் (கேரக்டர் பலம் ஏறுற படி) 1லேர்ந்து 5 வரைக்கும்தான், சின்னது. பேரைப் பாத்துட்டு பேங்க் கொள்ளை மாதிரி பிளான் போட்டு அடிக்கப்போறோம்னு நினைச்சு வருவாங்க, உள்ள இருக்கிறது ஊருக்குள்ள மறைச்சு வச்சிருக்கிற அஞ்சு லட்சம் தங்கக் காசை நாலஞ்சு கூட்டம் சேர்ந்து தேடுற கதை. அந்த ஊர்ல சட்டம் இருக்கு, போலீஸ் மாதிரி வாட்ச் இருக்கு, பிளேயர்ஸ் கையில குடுக்கவே ஒரு சட்டப் பக்கம் புக்ல இருக்கு, தெருவுல யாரையாவது குத்தினா பிடிச்சு உள்ள போட்டுடுவாங்க. உங்க அசாசினுக்கு இந்த ஊர் ஆகாது. பார்டுக்கு சொர்க்கம், ஏன்னா கொஞ்ச நாள்லயே பார்ட்டிக்கு, அதாவது உங்க கேரக்டர் கூட்டத்துக்கு, சொந்தமா ஒரு பழைய டேவர்ன் (சத்திரம்) கட்டிடம் கிடைக்கும். ஆனா நீங்க பெருசா ஒண்ணுன்னு கேட்டிருக்கீங்க, லாஸ்ட் மைன் முடிச்ச அதே அஞ்சாவது லெவல்ல இதுவும் நின்னுடும், அதனால இப்போதைக்கு தள்ளி வைங்க.

டூம் ஆஃப் அனைஹிலேஷன் 2017, லெவல் 1லேர்ந்து 11. சல்ட்னு ஒரு காடு, அறுகோணக் கட்டம் போட்ட பெரிய மேப், எங்க என்ன இருக்குன்னு தெரியாம நடந்தே கண்டுபிடிக்கணும், தண்ணி கூட மழைத்தண்ணி பிடிச்சு குடிக்கணும், பூச்சிக்கு மருந்து வாங்கணும். அதுக்கு மேல ஒரு சாபம், செத்தவங்களை மறுபடி உயிரோட கொண்டு வரவே முடியாது, முன்னாடி அப்படி உயிர் வந்தவங்களும் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு போயிட்டிருப்பாங்க. அதாவது இதுல கேரக்டர் செத்தா செத்ததுதான், அந்தக் காட்டுல நிறையவே சாவாங்க. பத்து பக்கம் எழுதின உங்க நண்பர் நாலாவது வாரமே தன் இளவரசனை ஒரு டைனோசருக்கு குடுத்துட்டு உக்காந்திருக்கிறதை யோசிச்சுப் பாருங்க. இந்தக் கதை எடுத்தா அவர்கிட்ட அதை முன்கூட்டியே சொல்லியே ஆகணும்.

ரேஞ்சர் பையன்கிட்டயும் இதுல ஒரு பேச்சு இருக்கு. நீங்க ஸ்டார்டர் செட்டோட வந்த 2014 ரூல்ஸ்லயே இருக்கீங்கன்னு வச்சு சொல்றேன். காட்டுல வளர்ந்தவன்னா அவன் கை நேரா அவுட்லேண்டர் பேக்கிரவுண்டுக்குத்தான் போகும், பேக்கிரவுண்டுன்னா கேரக்டர் முன்னாடி எப்படி வாழ்ந்தான்னு ரூல் புக்லேர்ந்து எடுக்கிறது. அது இருந்தா நிலத்துல விளையுற வரைக்கும் தனக்கும் இன்னும் அஞ்சு பேருக்கும் தினமும் சாப்பாடும் நல்ல தண்ணியும் தேடிக் கொண்டு வந்துடுவான். உங்க பார்ட்டியே அஞ்சு பேருதான். ரெண்டாவது லெவல்ல குட்பெர்ரிங்கிற ஸ்பெல் (மந்திரம்) எடுத்தான்னா பத்து பழம், ஒரு பழம் ஒரு ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு. பட்டினியும் தாகமும்தான் பயம்னு எழுதின கதையில அந்த பயமே காணாம போயிடும். ரூல்படி அவன் பண்ணது எல்லாமே சரி, அவன் மேல ஒரு குத்தமும் இல்ல. ஆனா "இந்தக் கதையில சாப்பாடு தேடுறதே விளையாட்டுல பாதி, அது உனக்கு வேணுமா இல்ல சட்டுனு தாண்டிப் போயிடலாமா"ன்னு முன்னாடியே அவனைக் கேட்டா அவனே வேற பேக்கிரவுண்ட் எடுப்பான், இல்லன்னா அந்தப் பகுதியை நீங்க சுருக்கிக்கலாம். பொருத்தமான கேரக்டர்ங்கிறது இந்த மாதிரி சின்ன விஷயத்துலயும் இருக்கு, பேக்ஸ்டோரி மட்டும் பாத்தா போதாது.

என்னைக் கேட்டா உங்க கூட்டத்துக்கு கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட். 2016ல வந்தது, 1983ல ஹிக்மன் தம்பதி எழுதின ரேவன்லாஃப்ட் அட்வென்சரை வச்சு பண்ணது, பத்தாவது லெவல் வரைக்கும் போகும். பரோவியான்னு ஒரு சின்ன பள்ளத்தாக்கு, சுத்தி மூடுபனி, உள்ள வந்தவங்க வெளிய போக முடியாது, மேல கோட்டையில ஒரு வேம்பையர். சின்ன இடங்கிறதால டிஎம் முழுசா தலையில வச்சுக்கலாம், போன வாரம் பாத்த ஆளே அடுத்த வாரமும் வருவான், உங்களுக்கு ரெண்டாவது கேம்பெய்ன்தானே (வாரக்கணக்கா ஓடுற முழுக்கதை), அது பெரிய உதவி. இன்னொண்ணு, வெளிய போக வழியில்லாததால "நான் ஏன் இவங்ககூட போகணும்"ங்கிற கேள்வியை கதையே அடைச்சிடுது. தனியாதான் சுத்துவேன்னு சொல்ற அசாசினுக்கு போறதுக்கு வேற இடமே கிடையாது.

ஆனா இது நிஜமான ஹாரர் தம்பி. ரத்தம் மட்டும்னா பரவால்ல, குழந்தைகளுக்கு கெடுதல் நடக்கிற பகுதிகளும் இதுல இருக்கு, விவரம் இங்க வேணாம், உங்க ஆளுங்களும் இதைப் படிப்பாங்க. கைக்குழந்தை இருக்கிற உங்க தோழியை குரூப்ல கேக்காதீங்க, தனியா போன் பண்ணி, இந்த மாதிரி விஷயம் வரும், இருக்கட்டுமா, நேரா காட்டாம ஒரு வரியில சொல்லிட்டு தாண்டிடட்டுமா, இல்ல சுத்தமா எடுத்துடட்டுமான்னு கேளுங்க. அவங்க வேணவே வேணாம்னா ஸ்ட்ராட் வேணாம், டூம் எடுத்துக்கோங்க. நாலு பேரு ஓட்டுப் போட்டு ஒருத்தரை ஜெயிக்கிற விஷயமில்ல இது. மத்தவங்களையும் இதே மாதிரி ஒவ்வொருத்தரா கேளுங்க, பூச்சி, உயிரோட புதைக்கிறது, இதெல்லாம் யாருக்கு எப்படி உறுத்தும்னு வெளிய தெரியாது.

கேரக்டர் எப்படி கதையோட ஒட்டணும்ங்கிறதுக்கு நீங்க இப்ப விளையாடி முடிச்ச பெட்டியிலயே உதாரணம் இருக்கு, அந்த ரெடிமேட் ஷீட் அஞ்சையும் திரும்ப எடுத்துப் பாருங்க. ரோக், அதாவது திருட்டு வேலை தெரிஞ்சவர், யாரு? அந்தக் கதையில வர்ற ரெட்பிராண்ட்ஸ் ரவுடிக் கூட்டம் ஏமாத்தி விட்ட ஆளு. ட்வார்ஃப் கிளெரிக் (குள்ள இனத்துப் பூசாரி, காயம் ஆத்துறவர்) கதையில வர்ற ராக்சீக்கர் அண்ணன் தம்பிகளுக்கு சொந்தக்காரர். வில் வச்சிருக்கிற ஃபைட்டர் குடும்பத்தோட பூர்வீகம் டிராகன் வந்து உக்காந்திருக்கிற தண்டர்ட்ரீங்கிற ஊரு. ஒவ்வொருத்தருக்கும் அந்த மேப்புல போக ஒரு இடம் இருந்துச்சு. அதனாலதான் யாரும் எதுக்கு வந்தோம்னு கேக்காம விளையாடுனீங்க. அதையேதான் இப்ப உங்க கையால பண்ணப்போறீங்க.

முதல்ல அரை பக்கத்துக்கு ஒரு மெசேஜ் எழுதி அனுப்புங்க. இந்த மாதிரி: "அடுத்தது கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட். ஹாரர். மூடுபனியில மாட்டிக்கிட்டு வெளிய வர முடியாத ஊரு. ஜெயிக்கிறது கஷ்டம், சில நேரம் ஓடித்தான் ஆகணும். கஷ்டப்படுறவங்களைப் பாத்தா கண்டுக்காம போக முடியாத ஆளுங்களுக்கு இந்தக் கதை நல்லாருக்கும். உங்க ஆளு பயப்படணும், பயந்தாலும் பக்கத்துல இருக்கிறவனை விட்டுட்டுப் போகக் கூடாது. இப்ப அனுப்பின கேரக்டர்ல எதை வச்சுக்கணும், எதை மாத்தணும்னு இந்த ஞாயித்துக்கிழமை சேர்ந்து உக்காந்து பேசலாம், அன்னைக்கு விளையாட்டு கிடையாது." இதுல யாரையும் வேணாம்னு நீங்க சொல்லவே இல்ல, கவனிச்சீங்களா? கதை இப்படின்னு மட்டும்தான் சொல்லியிருக்கீங்க, தன் ஆளு அதுல நிப்பானான்னு அவங்களே பாத்துக்குவாங்க. இந்த விளையாட்டு இல்லாத நாளைத்தான் செஷன் ஜீரோம்பாங்க, அதை தயவுசெஞ்சு போன்லயே முடிச்சிடலாம்னு நினைக்காதீங்க, ஒருத்தர் கேரக்டரை இன்னொருத்தர் கேட்டு, அட அப்ப நான் உங்க ஊர்க்காரனா இருக்கேனேன்னு சொல்றதெல்லாம் நேர்ல உக்காந்தாதான் நடக்கும்.

அந்த அசாசின் தம்பிகிட்ட ஒரே கேள்வி, "யாரையும் நம்ப மாட்ட சரி, ஒருத்தரைத் தவிரன்னு வச்சுக்கலாமா, இந்த நாலு பேர்ல அது யாரு?" அவன் இளவரசனைக் காட்டலாம், ஒரு காலத்துல கொல்லப் போய் கொல்லாம விட்டவன்னு கூட வச்சுக்கலாம், ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா போதும். அவன் முறைச்சுக்கிட்டே இருக்கட்டும், பேசாம இருக்கட்டும், அதெல்லாம் அவன் ஆசை, ஆனா ஆபத்துல அந்த ஒருத்தர் பக்கத்துல வந்து நிக்கணும். இந்த ஒரு கயிறு இல்லாம தனி ஆளா மட்டும் உள்ள விடாதீங்க, மத்த நாலு பேரும் வாரா வாரம் அவனைக் கெஞ்சிக் கூட்டிட்டுப் போற வேலை ஆகிடும்.

இளவரசர் பாவம், உழைச்சு எழுதியிருக்கார், பத்து பக்கத்தையும் நீங்க முழுசா படிச்சே ஆகணும், அது மரியாதை. படிச்சுட்டு ஒரு விஷயம் சொல்லுங்க, நாட்டை மீட்கிறதுதான் அவன் கதைன்னா பரோவியாவுல அது நகராது, ஏன்னா அந்த நாடு மூடுபனிக்கு வெளிய இருக்கு, அங்கேர்ந்து ஒரு ஆள் வர முடியாது, ஒரு ஓலை வர முடியாது. அதனால நாட்டைக் கொண்டு வராம அந்த இழப்பை மட்டும் கொண்டு வரச் சொல்லுங்க. அவன் யாரைக் காப்பாத்த முடியாம விட்டான், எதுக்கு வெக்கப்படுறான், எதைக் குடுத்தா கெட்டது பண்ணக்கூட துணிவான், இந்த மூணும் அந்தப் பத்து பக்கத்துல எங்கேயாவது இருக்கும், அடிக்கோடு போட்டு வாங்கிக்கோங்க. ஸ்ட்ராடும் ஒரு காலத்துல இளவரசன், படை நடத்தி நிலம் பிடிச்சவன். எதிர்ல வந்து நின்னு அவன் பேசும்போது உங்க நண்பர் எழுதினது அத்தனையும் உங்களுக்கு உதவும்.

பார்டை மாத்தவே வேணாம். இருட்டுக் கதைக்கு சிரிக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் கட்டாயம் வேணும்னு நான் நிஜமாவே நம்புறேன், எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தா மூணாவது வாரம் பயமே வராது. அவங்ககிட்ட கேக்க வேண்டியது ஒண்ணுதான், உங்க ஆளு எதைப் பாத்தா சிரிப்பை நிறுத்துவா? அந்தப் பதில் கிடைச்சுட்டா கேரக்டர் முழுசாகிடுச்சு. ரேஞ்சருக்கு இங்க பெரிய வேலை இல்ல, வேம்பையர் அட்டையிலயே இருக்கு, ரேஞ்சர் தேர்ந்தெடுக்கிற ஃபேவர்ட் எனிமி (நல்லா தெரிஞ்ச எதிரி) அன்டெட், அதாவது செத்தும் நடமாடுறவங்க, ஃபேவர்ட் டெரைன் (பழகின நிலம்) காடுன்னு எடுத்தா வீணாகாதுன்னு தாராளமா சொல்லலாம், அது ரகசியத்தை உடைக்கிறதாகாது.

நீயே போட்டுக் குடுன்னு சொன்னவங்களுக்கு நேரம் இல்லையே தவிர ஆசை இல்லாம இல்ல. ஷீட்டை நிரப்பிக் கையில குடுத்துட்டா அது உங்க கேரக்டர், அவங்க வாடகைக்கு ஓட்டுவாங்க. குழந்தை தூங்குற நேரமா பாத்து போன் பண்ணி, கிட்ட போய் அடிக்கணுமா, தூரத்துலேர்ந்தா, மந்திரமான்னு கேளுங்க, இந்த ஆளுக்காக வீட்ல காத்திருக்கிறது யாருன்னு கேளுங்க, பேரு அவங்களே வைக்கட்டும். கணக்கு மட்டும் நீங்க போடுங்க. ஹீலர் இல்லையேன்னு கிளெரிக்கை அவங்க தலையில கட்டாதீங்க, தினமும் மொத்த ஸ்பெல் லிஸ்ட்லேர்ந்து பொறுக்கி எடுக்கிற வேலை அது, நேரம் இல்லாதவங்களுக்கு பாரம். கிட்ட போய் அடிக்கணும்னா ஃபைட்டர் போதும், ஆறு திறமைக்குப் பிரிச்சுப் போட ரூல்ல குடுத்திருக்கிற 15, 14, 13, 12, 10, 8 அந்த ஆறு நம்பர்ல 15 ஸ்ட்ரெங்த்துக்கு (உடல் பலம்), 14 கான்ஸ்டிட்யூஷனுக்கு (தாங்குற சக்தி), மூணாவது லெவல்ல ஃபைட்டர்லயே எளிமையான சாம்பியன் வகை, புக்கைத் திறக்காமலே சுகமா விளையாடலாம். காயத்தை பார்ட் பாத்துக்குவா, கடையில போஷனும் (காயம் ஆத்துற மருந்து) இருக்கு.

அவங்க ஸ்ட்ராட் சரி, குழந்தைங்க விஷயம் மட்டும் வேணாம்னு சொன்னா அதுக்கும் வழி இருக்கு. புக் பின்னாடி இருக்கிற டெத் ஹவுஸ், லெவல் 1லேர்ந்து 3 வரைக்கும் ஏத்திவிடுறதுக்கு வச்ச தனி வீடு, அது கட்டாயம் இல்ல. அதை விட்டுட்டு மூணாவது லெவல்லயே நேரா தொடங்குங்க, நீங்க எல்லாம் ஏற்கனவே ஒரு கேம்பெய்ன் முடிச்சவங்கதானே. கதையோட நடுவுல வர்ற அந்த மாதிரி மத்த இடங்களை முழுக்கப் படிச்சு வச்சுக்கிட்டு எடுத்துடுங்க. இப்படித் தொடங்கினா இன்னொரு வசதியும் உண்டு. 2014 ரூல்ஸ்ல ரோக்குக்கு அசாசின்கிற பேரே மூணாவது லெவல்லதான் கிடைக்கும், உங்க பையன் ஆசைப்பட்ட ஆளாவே முதல் வாரம் உக்காருவான், ஃபைட்டருக்கு சாம்பியனும் அப்பவே வந்துடும். முதல் மூணு வாரம் வரைக்கும் யாரு வேணும்னாலும் எதையும் மாத்திக்கலாம், கேரக்டரையே கூட மாத்திக்கலாம்னு செஷன் ஜீரோலயே சொல்லிடுங்க.