கவனம் சிதறும்போது மூளை என்ன செய்கிறது? – கேள்வி பதில்

கேள்வி (ஆசிரியை, கிளிநொச்சி): ஐயா, புள்ளிகளைக் கூட்டும்போது பாதியில் மனம் எங்கோ போய்விடுகிறது. அந்நேரம் மூளை வேலை செய்வதில்லையா?

பதில்: செய்கிறது, அம்மா. உடல் நிறையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, நாம் சும்மா இருக்கும்போதும் உடலின் சக்தியில் 20 சதவீதமளவைச் செலவிடுகிறது. பழைய நினைவுகளிலும் நாளைய யோசனைகளிலும் மூழ்கியிருக்கும்போது சில பகுதிகள் கூடி இயங்குகின்றன. மூளை ஆய்வாளர் மார்கஸ் ரெய்க்லியின் குழு 2001இல் இதைப் பற்றி எழுதியது. கவனம் வேண்டிய வேலை தொடங்கியதும் அவை தணியும். நடுவில் அவை மீண்டும் எழும்போதுதான் மனதில் வைத்திருந்த இலக்கம் தவறிப்போகிறது.

கேள்வி (கமக்காரர், முத்தையன்கட்டு): வாய்க்கால் தண்ணீருக்கு முறை வகுக்கக் கூட்டத்தில் குந்தியிருந்து யோசித்தால் வழி தெரிவதில்லை, குளக்கட்டால் சைக்கிளில் வரும்போது தெரிகிறது. ஏன்?

பதில்: ‘இள’, ‘கண்’, ‘மழை’ ஆகிய மூன்றோடும் சேரும் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள், ஐயா. ஒவ்வொரு சொல்லாகப் பொருத்திப் பார்த்தும் ‘நீர்’ என்று காணலாம். தேடாமலே அது வந்தும் விழலாம். இதுபோன்ற புதிர்களை ஆங்கிலத்தில் கொடுத்து மூளையின் மின்னலைகளைப் பதிந்த மார்க் ஜங்-பீமன், ஜோன் கூனியஸ் குழுவினர், விடை திடீரெனத் தோன்றியபோது, பொத்தானை அழுத்துவதற்கு ஏறத்தாழ 0.3 செக்கன் முன்னர் வலக் காதுக்கு மேலே விரைவலைகள் எழுந்ததையும், அதற்குச் சற்று முன்னர் தலையின் பின்புறத்தில் அல்பா எனப்படும் வகை மின்னலைகள் கூடியதையும் 2004இல் வெளியிட்டார்கள். கண்வழி வரும் செய்திகளை மூளை சிறிது நேரம் மட்டுப்படுத்துவதன் அடையாளமே அந்த அல்பா என்பது அவர்களது விளக்கம். பழகிய குளக்கட்டுப் பாதையும் உங்கள் கண்ணிடம் அதிகம் கேட்பதில்லை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் எத்தனை ஏக்கருக்கு எத்தனை மணித்தியாலம் என்ற கணக்கு வேறு வகை: இலக்கங்களை மனதில் தாங்கும்போது நெற்றிப் பகுதியில் செக்கனுக்கு 4 முதல் 8 வரையான மெதுவலைகள் வலுக்கின்றன, அங்கே கவனம் சிதறினால் பிழைதான் வரும். குளக்கட்டில் தோன்றிய வழியைத் தாளில் எழுதிச் சரிபாருங்கள். அதில் அடுத்தவரின் வயலும் இருக்கிறது.

கேள்வி (இரு பிள்ளைகளின் தாய், புதுக்குடியிருப்பு): எனக்கு இருப்பது கவனக்குறைபாட்டு நோயா? மின்னலைப் பதிவு எடுத்தால் தெரியுமா?

பதில்: அந்தப் பதிவை மட்டும் வைத்து எவரும் அப்படிச் சொல்ல முடியாது, தங்கச்சி. 2013இல் வந்த அமெரிக்க உளமருத்துவ வரையறைப்படி, அறிகுறிகள் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வீடு, வேலைத்தலம் போன்ற இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். உங்களுக்கு இது 2009க்குப் பின்னர் தொடங்கியதாயின், தூக்கமின்மையையும் அந்தப் போர் நாட்களின் நினைவுகளையும் பற்றி முதலில் வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் பேசுங்கள். அவையும் கவனத்தை இதே விதமாகக் கலைப்பவை, அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.